காலி எடை

லாரிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவற்றின் மேல் எழுதியிருப்பது மட்டும்தான். எஞ்சின் தெரியாது, கியர் தெரியாது, கிரீஸ் எங்கே அடிப்பார்கள் என்றும் தெரியாது. ஆனால் பக்கப் பலகையில் யார் பெயர், என்ன நிறம், எழுத்துக்கு நிழல் கொடுத்திருப்பது இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை லாரி என்னைக் கடந்து போவதற்குள் சொல்லிவிடுவேன். இந்த ஒரே தகுதியை நம்பி, இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் பழைய லாரிப் பிரியர்கள் நடத்தும் ஒரு சங்கத்தில் சேர்ந்தேன். அங்கே ஆளுக்கொரு துறை உண்டு. ஒருவர் பால் வண்டி, ஒருவர் பீர் வண்டி, இன்னொருவர் பிரேக் மட்டும். "உங்களுக்கு எது?" என்று கேட்டார்கள். "மாவு ஆலைகளின் லாரிகள்" என்றேன். வேறு யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு ஒரு காரணமும் கிடையாது.

காரணத்தைப் பிறகுதான் தேடிப் பிடித்தேன். 1933ஆம் ஆண்டு வந்த சாலை, ரயில் போக்குவரத்துச் சட்டம் பிரிட்டனின் சரக்கு லாரிகளை ஏ, பி, சி என்று மூன்று உரிமங்களாகப் பிரித்தது. அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றுகிறவருக்கு ஏ. தன் சரக்கைத் தன் லாரியில் தானே கொண்டுபோகிறவருக்கு சி. இரண்டையும் கலந்து செய்கிறவருக்கு பி. மாவு ஆலைக்காரர்கள் சி. வாடகைக்கு ஒரு மூட்டைகூட ஏற்றக் கூடாது. ஆனால் உரிமம் கேட்டால் கிடைத்துவிடும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நெடுந்தூர வாடகை லாரிகளை அரசு எடுத்துக்கொண்டபோதும் சி உரிம லாரிகள் முதலாளிகளிடமே நின்றன. 1968 சட்டம் வந்து அந்த ஏ, பி, சி கதைக்கு முடிவு கட்டும்வரை இதுதான் நிலை. தன் மாவு, தன் லாரி, அதன்மேல் தன் பெயர். ஊர் ஊராக ஓடும் விளம்பரப் பலகைக்குத் தனிச் செலவு கிடையாது. ஆகவே எழுத்தை அழகாக எழுதினார்கள். ஆகவே எனக்குப் பிடித்தது. இதைச் சங்கத்தில் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அங்கே எனக்குக் கிடைத்த முதல் மரியாதையும் கடைசி மரியாதையும் அதுதான்.

லாரி விஷயத்தில் எனக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றால், சென்னையிலிருந்து. எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அங்கே தயாரான காமெட் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். லேலண்ட் என்பது யாரோ ஒரு துரையின் பெயர் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். லங்காஷயரில் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது என்பதும், லாரித் தொழிற்சாலை அங்கேதான் பிறந்தது என்பதும், பழைய வணிக வண்டிகளுக்கான அருங்காட்சியகம் இன்றும் அங்கே இருக்கிறது என்பதும், அந்த ஊருக்குப் போகும் பஸ்ஸின் நெற்றியில் பெயரைப் படித்தபோது தெரிந்தது. லேலண்டார் தம் லாரிகளுக்கு விலங்குப் பெயர்களை வைத்தவர்கள்: பீவர், பைசன், ஹிப்போ. எட்டுச் சக்கர லாரிக்கு ஆக்டோபஸ். கணக்கு சரியாக இருக்கிறதே என்று எனக்கு அதில் ஒரே மகிழ்ச்சி. பார்க்கிற எட்டுச் சக்கர லாரியை எல்லாம் ஆக்டோபஸ் என்று கூப்பிட ஆரம்பித்தேன். எட்டுச் சக்கர லாரி கட்டிய கம்பெனிகள் பிரிட்டனில் நிறைய உண்டு. மற்றவற்றின் சொந்தக்காரர்கள் என்னைத் திருத்திக் களைத்துப்போனார்கள்.

அதற்கடுத்த பிழை இதைவிடப் பெரியது, அதுவும் செய்யக்கூடாத ஊரில். சாண்ட்பாச் என்கிற சிற்றூரில் இரண்டு லாரிக் கம்பெனிகள் இருந்தன. ஒன்று ஃபோடன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நீராவி லாரிகளால் பேர் வாங்கியது. 1900இல் பிறந்த ஃபோடன் பித்தளை வாத்தியக்குழு இன்றும் வாசிக்கிறது. மற்றொன்று இ.ஆர்.எஃப். அந்த மூன்று எழுத்தும் எட்வின் ரிச்சர்ட் ஃபோடன் என்பதன் சுருக்கம் என்று நான் படித்திருந்தேன். ஆகவே ஒரு திருவிழாவில், முகப்பில் இ.ஆர்.எஃப். என்று பளபளத்த ஒரு மாவு லாரியைக் காட்டி, "ஆகா, அருமையான ஃபோடன்!" என்றேன். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பாதி படித்தால் வரும் வினை இது. நிறுவனர் எட்வின் ஃபோடனின் மகன் எட்வின் ரிச்சர்ட். எதிர்காலம் டீசலில்தான் என்று நம்பியவர். நீராவியை விட மனமில்லாத குடும்பக் கம்பெனியோடு ஒத்துப்போக முடியாமல் வெளியே வந்து, அறுபது வயதைக் கடந்த பிறகு, 1933இல், அதே ஊரில் போட்டிக் கம்பெனி ஆரம்பித்தார். கார்ட்னர் டீசல் எஞ்சினை வாங்கி வைத்து லாரி கட்டினார். நம் ஊர் மொழியில் சொன்னால் பங்காளிச் சண்டை. பெரியப்பா வீட்டு வாசலில் நின்றுகொண்டு சித்தப்பாவின் காரைப் புகழ்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த சமூகத்தில் பிறந்தவன் நான். எனக்கு மன்னிப்பே கிடையாது. ஃபோடன் பெயர் 2006இலும் இ.ஆர்.எஃப். பெயர் 2007இலும் புது லாரிகளிலிருந்து மறைந்தன. சண்டை மட்டும் சாண்ட்பாச்சில் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறது.

அந்த இ.ஆர்.எஃப். லாரியின் சொந்தக்காரர் ஒரு பெரியவர். இளம் வயதில் ஒரு மாவு ஆலைக்கு லாரி ஓட்டியவர். பல்லாண்டு கழித்து அதே மாதிரி ஒன்றைப் பழைய இரும்புக்கடையில் கண்டுபிடித்து உயிர் கொடுத்திருக்கிறார். கோபப்படத் தெரியாதவர், என் கல்வி முழுதும் அவர் கையில்தான் நடந்தது. லாரியின் பக்கவாட்டில், கீழே ஓர் ஓரத்தில், சிறிய வெள்ளை எழுத்தில் "யு.டபிள்யூ. 4-9-2" என்று இருந்தது. பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். பிரிட்டிஷ் சட்டங்களை அரசரின் ஆட்சி ஆண்டால் குறிப்பிடும் வழக்கம் உண்டு என்று எங்கோ படித்திருந்தேன். லாரி 1953இல் கட்டியது. ஆகவே 4-9-2 என்றால் செப்டம்பர் 4, எலிசபெத் அரசியின் இரண்டாம் ஆட்சி ஆண்டு! கணக்கு அச்சாகப் பொருந்தியது. பின்பலகையில் வட்டத்துக்குள் இருந்த 20 என்ற எண்ணுக்கும் விளக்கம் வைத்திருந்தேன்: அந்த ஆலையின் இருபதாவது லாரி. ஒரு பள்ளிக்கூடப் பையன் அதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போனான். அவனைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

யு.டபிள்யூ. என்பது லாரியின் காலி எடை. நான்கு டன், ஒன்பது ஹண்ட்ரட்வெயிட், இரண்டு குவார்ட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 4,550 கிலோ. சட்டப்படி அதை வெளியே எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் லாரியின் தலையெழுத்தே அதில்தான் இருந்தது. வரி அதைப் பொறுத்தது. வேகம் அதைப் பொறுத்தது. கனரக லாரிகள் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது 1957 வரை சட்டம். அதன் பிறகுதான் 30 ஆனது. பின்பலகையின் 20, பின்னால் வருகிற போலீஸ்காரருக்கு. ஆலையிலிருந்து நூறு மைல் தள்ளியிருக்கும் ரொட்டிக்கடைக்கு மாவு கொண்டுபோக ஐந்து மணி நேரம், அதுவும் வழியில் எங்கும் நிற்காவிட்டால். சுமை ஏற்றிக் கடைசிவரை போவதற்குத்தான் லாரி. அதன் விதியை எழுதியதோ சுமையே இல்லாதபோது உள்ள எடை. இந்த முரணை நான் ரசித்துப் பேசியபோது பெரியவர், "அதை ரசிக்க எங்களுக்கு நேரம் இருந்ததில்லை" என்றார்.

சரித்திரம் பேசியும் தோற்றிருக்கிறேன். 1962இல் ரேங்க் குழுமமும் ஹோவிஸ்-மெக்டூகல் குழுமமும் சேர்ந்து ரேங்க்ஸ் ஹோவிஸ் மெக்டூகல் ஆயின. ரேங்க் என்றால் சினிமாக் கம்பெனி என்பது எனக்குத் தெரியும். படம் தொடங்குமுன் ஒரு தடியர் பெரிய வெண்கல வட்டை அடிப்பாரே, அது. ஆகவே, "சினிமாவில் சம்பாதித்துவிட்டு மாவு வியாபாரத்தில் இறங்கியிருக்கிறார்கள்" என்று சங்கத்துத் தேநீர் மேசையில் அடித்துச் சொன்னேன். கதை தலைகீழ். 1875இல் ஹல் நகரத்தில் ஒரு காற்றாலையை வாடகைக்கு எடுத்துத் தொடங்கியவர் ஜோசப் ரேங்க். கல் திரிகையை விட்டு இரும்பு உருளைக்கு மாறி, கப்பலில் வரும் வெளிநாட்டுக் கோதுமைக்காகத் துறைமுகங்களிலேயே ஆலை கட்டி, நாட்டின் பெரிய மாவு முதலாளிகளில் ஒருவரானார். அவர் மகன் ஜே. ஆர்தர் ரேங்க்தான் பிற்பாடு சினிமாவுக்குப் போனவர். அவரும் சேர்ந்து தொடங்கிய பைன்வுட் ஸ்டுடியோ 1936இல் திறந்தது. பிரிட்டிஷ் சினிமாவுக்குப் பணம் வந்த வழி கோதுமை மாவு.

இந்தத் தேடலில் எனக்கு ஓர் ஆறுதலும் கிடைத்தது. ஆர்தர் ரேங்க் அப்பாவின் நிழலில் இருக்க மனமில்லாமல் இளமையில் 'பீட்டர்கின்' என்ற பெயரில் தானே ஒரு மாவுக் கம்பெனி ஆரம்பித்தார், அது விழுந்தது, அப்பாவிடமே திரும்பினார். மாவு விஷயத்தில் தோற்றவர்களின் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பிரபு நிற்கிறார். என்ன, அவருக்குப் பிறகு ஒரு திரையுலகம் கிடைத்தது.

வாங்கியும் ஏமாந்தேன். ஒரு பழம்பொருள் சந்தையில், பக்கவாட்டில் ஹோவிஸ் என்று எழுதிய சின்னஞ்சிறு ஃபோடன் நீராவி லாரி. மேட்ச்பாக்ஸ் பொம்மை, பெட்டியில் 1922 என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. நூறு வருடத்துப் பொருள் இந்த விலைக்கா என்று நெஞ்சு படபடக்க வாங்கிவந்து, கண்ணாடி அலமாரியில் மென்பஞ்சின்மேல் வைத்தேன். மனைவி அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "ஏங்க, 1922ல பிளாஸ்டிக் சக்கரம் இருந்துச்சா?" என்றாள். 1922 என்பது நிஜ லாரியின் ஆண்டு. அந்தப் பொம்மை வரிசையே 1956இல்தான் தொடங்கியது. என் பொக்கிஷம் 1980களில் பிறந்தது. என் கல்யாணப் பட்டுவேட்டியைவிட அதற்கு வயது குறைவு. அன்றிலிருந்து நான் எதைப் படித்துக் காட்டினாலும் அவள் சக்கரத்தைத்தான் பார்க்கிறாள்.

பொம்மையை விட்டு நிஜத்தைப் பார்ப்போம் என்று மேக்கிள்ஸ்ஃபீல்டுக்குப் போனேன். ஹோவிஸ் மாவின் தொடக்ககால வரலாற்றோடு சேர்ந்த ஆலைக் கட்டடம் அங்கே இருக்கிறது. லாரிகள் நின்று சுமை ஏற்றிய இடத்தைப் படமெடுக்க வேண்டும் என்பது திட்டம். முன்புறம், பின்புறம் என்று சுற்றிச் சுற்றி எடுத்தேன். ஒரு ஜன்னலிலிருந்து தோசைக்கரண்டி மாதிரி ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி என்னையே பார்ப்பதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன். ஆலை இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. நான் எடுத்ததெல்லாம் பிறர் வீட்டுச் சமையலறைகள். அதோடு, அந்த ஆலை முகம் வைத்திருப்பது சாலையைப் பார்த்து அல்ல, கால்வாயைப் பார்த்து. கோதுமை வந்ததும் மாவு போனதும் முதலில் படகில். லாரி பிறப்பதற்கு முன்பே கட்டிய கட்டடத்தில் லாரிக்கு இடம் தேடியிருக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் வாய்ப்பிழைகள். கைப்பிழைகள் இனிமேல்தான்.

பிரிட்டனில் ஒரு மூட்டை மாவு என்றால் 280 பவுண்டு, அதாவது 127 கிலோ. தனியாக ஒரு மனிதன் முதுகில் ஏற்றிக்கொள்வது பெரும்பாலும் அரை மூட்டை: 140 பவுண்டு, 63.5 கிலோ. ஐந்து டன் ஏற்றும் பழைய ஃபோடன் நீராவி லாரியில் இந்த அரை மூட்டைகள் 80. பதினைந்து டன் ஏற்றும் எட்டுச் சக்கர லாரியில் 240. ஆலையில் ஏற்றுவது எளிது. மாடியிலிருந்து சறுக்குப்பலகை வழியே மூட்டை தானாக லாரித் தளத்துக்கு வந்து விழும். இறக்குவதில்தான் பாடு. பழைய ரொட்டிக்கடைகளில் மாவுக் கிடங்கு மாடியில் இருக்கும். அங்கிருந்து துணிக்குழாய் வழியே கீழே பிசையும் தொட்டிக்கு மாவு இறங்கும். அந்த மாடிக்குக் குறுகிய படி. டிரைவர் லாரித் தளத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார். மேலே நிற்கும் உதவியாள் மூட்டையை விளிம்புக்கு இழுத்து அவர் தோள்மேல் சாய்ப்பான். குனிந்து, இரண்டு கையாலும் மூட்டையின் காதுகளைப் பிடித்துக்கொண்டு படியேற வேண்டும். இறக்கிவிட்டு, காலிச் சாக்குகளை எண்ணி வாங்கிக்கொண்டு, அடுத்த கடை. லாரி ஓட்டுவது ஓய்வு நேரம் என்றார் பெரியவர்.

இதைக் கேட்டுவிட்டு, "நானும் ஒரு மூட்டை தூக்கிப் பார்க்கிறேன்" என்றேன். கண்காட்சிக்காக வைத்திருந்த சணல் சாக்கில் மரத்தூள்தான் இருந்தது. அதையே தோளில் சாய்த்தபோது முட்டி தானாக மடங்கி, சாக்கின்மேல் நான், என்மேல் சாக்கு என்ற வரிசையில் புல்தரையில் கிடந்தேன். அவமானத்தைத் துடைக்க வீட்டுக்கு உண்மையான மாவு வாங்கிவந்தேன். மூட்டை தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகிக்கொண்டே வந்திருக்கிறது: 280 பவுண்டு, பிறகு 140, பிறகு 70, அதுதான் கிலோவில் 32. இன்றைய ரொட்டிக்கடைக்காரர் வாங்கும் பை 16 கிலோ. அந்தப் பதினாறு கிலோவைக் காரிலிருந்து சமையலறைக்குக் கொண்டுபோகும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மூட்டை எனக்காக இன்னொரு முறை பாதியாக வேண்டும். மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, அந்த மாவில் அன்றைக்குப் பூரி போட்டாள். அது ரொட்டி மாவு; பூரி ரப்பராக வந்தது. அதுவும் என் கணக்கில்தான் சேர்ந்தது.

மூட்டையைவிடக் கயிறு இன்னும் மோசம். திறந்த தளத்தில் அடுக்கிய மாவுக்கு இங்கிலாந்து மழையிலிருந்து காவல் தார்ப்பாய் மட்டுமே. நனைந்த மாவு மாவல்ல, பசை. ஆகவே தார்ப்பாயை விரித்து, முன்மடிப்பு காற்றை வாங்காதபடி ஒன்றன்மேல் ஒன்று விழவைத்து, கயிறு கட்டுவதில் டிரைவர்களுக்குப் பெரிய கௌரவம். ஒருவர் கட்டிய கட்டைத் தூரத்திலிருந்தே பார்த்து அவர் பெயரைச் சொல்வார்களாம். கட்டுவது டாலி முடிச்சு. கயிற்றின் நடுவே ஒரு சுருக்கு, அதற்குக் கீழே ஒரு கண்ணி. கண்ணியைத் தளத்தின் கொக்கியில் மாட்டி இழுத்தால் கயிறே கப்பியாக வேலை செய்து, இழுத்த பலம் பல மடங்காகும். அவிழ்க்கும்போது கொக்கியிலிருந்து எடுத்தாலே போதும், முடிச்சு காணாமல் போய்விடும்.

என் முடிச்சு கொக்கியில் இருக்கும்போதே காணாமல் போனது. பெரியவர் மெதுவாகச் செய்து காட்டினார், புரிந்தது. நான் செய்தேன், ஒரு முடிச்சு விழுந்தது. ஆனால் அது டாலி அல்ல, எந்த நூலிலும் இல்லாத வேறொன்று. இழுத்தார்கள், வரவில்லை. கடைசியில் கத்தியால் அறுத்தார்கள். பெரியவர் அறுந்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்து, "இதை எப்படிப் போட்டீர்கள் என்று தெரிந்தால் நல்லது, திருடர்களுக்கு எதிராகப் பயன்படும்" என்றார். எனக்கும் தெரியவில்லை.

நீராவி லாரிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு என்னைக் கரி போடக் கூப்பிட்டார். அது ஷ்ரூஸ்பரியில் கட்டிய சென்டினல். கொதிகலன் செங்குத்தாக ஓட்டுநர் அறைக்குள்ளேயே நிற்கும். கரியை மேலேயிருந்து நடுக்குழாய் வழியே நெருப்பில் போட வேண்டும். "கொஞ்சம் கொஞ்சமாக" என்றார். கொஞ்சம் என்பதற்கு ஆளுக்கு ஆள் அளவு வேறு. நான் போட்டதில் நெருப்பு மூச்சுத் திணறி, கருப்பாக ஒரு புகை எழும்பி, தேநீர்க் கூடாரத்து வெள்ளை மேசைத்துணிகளை நோக்கி நகர்ந்தது. புகை கண்ணுக்குத் தெரியாமல் ஓட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். அதனால்தான் கோக்கும், புகை குறைந்த வேல்ஸ் நிலக்கரியும் எரித்தார்கள். மாவு விற்கிறவருக்கு அது சட்டம் மட்டுமல்ல, வியாபாரமும்கூட. 1933இல் எடையைப் பொறுத்து வரி ஏறியபோது, கொதிகலன் இரும்பைச் சுமந்த நீராவி லாரிகள் டீசலுக்கு முன்னால் நிற்க முடியாமல் மறைந்தன என்று சரித்திரம் சொல்கிறது. அன்று கூடாரத்தில் இருந்தவர்கள் அதற்கு வேறொரு காரணத்தையும் கண்ணால் பார்த்தார்கள்.

கடைசியாக, ஓட்டினேன். பொதுச்சாலையில் அல்ல, ஒரு வயலில், ஆடுகளை மறுகோடிக்கு ஒதுக்கிய பிறகு. பெரியவரின் லாரியில் கார்ட்னர் ஐந்து சிலிண்டர் எஞ்சின்: ஏழு லிட்டர், 85 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்கு மேல் போகாது. அவசரப்படத் தெரியாத எஞ்சின். கியரை மாற்றக் கிளட்சை ஒரு தடவை மிதித்தால் போதாது. மிதித்து, கியரை நடுவுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, எஞ்சின் சுற்று தணிகிறவரை காத்திருந்து, மறுபடி மிதித்து, அடுத்த கியரில் விட வேண்டும். எப்போது விடுவது என்பதைக் காதுதான் சொல்லும். என் காது சொல்லவில்லை. நான் சீக்கிரம் தள்ளினால் பற்கள் அலறின; தாமதித்தால் லாரியே நின்றுவிட்டது. அந்த அலறலில் வயலின் மறுகோடிக்கு ஒதுங்கியிருந்த ஆடுகள் வேலியைத் தாண்டின. அவற்றைப் பிடித்துவர மத்தியானம் ஆகிவிட்டது. "வண்டி ஓட்டுவதைவிட நீங்கள் ஆடு ஓட்டுவது மேல்" என்று வயல்காரர் சொன்னதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, எழுத்தாவது எனக்கு வரும் அல்லவா? லாரியின் பின்பலகைக்கு மறுபடி வண்ணம் அடித்தபோது, பழைய எழுத்தை நான் எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கினேன். தொழில்முறை எழுத்தர்கள் முதலில் எழுத்தைக் காகிதத்தில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, சுண்ணப்பொடி கட்டிய துணிப்பையால் அதன்மேல் தட்டுவார்கள். பலகையில் புள்ளிக்கோடு விழும். நுனியில் பஞ்சு சுற்றிய குச்சியில் மணிக்கட்டைத் தாங்கி, ஒரே இழுப்பில் தூரிகையை ஓட்டுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே, கண்ணளவு போதும் என்று நேரடியாக எழுதினேன். 'மில்லர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஏழு எழுத்து. ஐந்தாவது எழுத்திலேயே பலகை முடிந்துபோகிற சூசகம் தெரிந்தது. ஆறாவது ஒல்லியானது. ஏழாவது, பலகையின் கீல்மேல் ஏறிப் பாதி நின்றது. பெரியவர் நெடுநேரம் பார்த்தார். "ஒரே ஒரு ஆலைக்காரர் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்" என்றார். பிறகு டர்பன்டைன் டப்பாவைத் திறந்தார்.

அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. நான் பார்த்துப் பார்த்து ரசித்த அந்த எழுத்தெல்லாம் டிரைவருக்கு முதுகுப்பக்கம். ஓட்டுகிற நேரம் முழுதும் அவர் அதைப் பார்த்திருக்க முடியாது. அவர் பார்த்தது கண்ணாடிமேல் மழையை, படியை, மூட்டையின் காதை. 1950களில் பெரிய ரொட்டித் தொழிற்சாலைகள் வந்து, மாவைக் காற்றழுத்தத்தால் குழாயில் ஊதி இறக்கும் டேங்கர் லாரிகள் வந்தபோது, பிரியர்களாகிய எங்களுக்கு அது ஓர் அழகின் முடிவு. பெரியவரைக் கேட்டேன். "குழாயை மாட்டிவிட்டு நின்றபடியே சாண்ட்விச் தின்ற முதல் நாள் எனக்கு நினைவிருக்கிறது" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையிருக்கவில்லை.

இன்றைக்குத் திருவிழாக்களுக்கு வருகிற மாவு லாரிகள் எல்லாம் காலி. மூட்டை கிடையாது, தூக்க ஆளும் கிடையாது. அதில் நடைமுறைச் சங்கடம் ஒன்று இருக்கிறது: எட்டு டன்னுக்காக வைத்த வில்லுப்பட்டைகள் காலியாகப் போனால் துள்ளும், ஈரச்சாலையில் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் வழுக்கும். கொஞ்சமாவது பாரம் வேண்டும். கரி போட முடியாத, கயிறு கட்ட முடியாத, கியர் மாற்ற முடியாத, எழுதவும் முடியாத உறுப்பினர் ஒருவர் இருக்கிறார் என்பது அப்போதுதான் சங்கத்துக்கு நினைவு வந்தது. இப்போது ஒவ்வொரு பயணத்திலும் பெரியவருக்குப் பக்கத்தில், உதவியாளின் இருக்கையில் உட்கார்ந்து போகிறேன். எஞ்சின் சூடு ஒரு பக்கம், காற்று மறுபக்கம். எதையும் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம்.

சென்ற திருவிழாவின் நிகழ்ச்சிநிரலில் எங்கள் லாரியின் விவரம் அச்சாகியிருந்தது. தயாரிப்பு, ஆண்டு, எஞ்சின், காலி எடை எல்லாம் சரியாக இருந்தன. 'தற்போதைய சுமை' என்ற இடத்தில் பெரியவர் எழுதிக் கொடுத்திருந்தது: "அரை மூட்டையும் சற்றுக் கூடுதலும்." பெருமை தாங்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"'சற்று'ன்னு போட்டிருக்காரே," என்றாள், "நல்ல மனுஷன்ங்க அவரு."